ஒரே கம்பெனி, இரண்டு பெயர்

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். டிரான்ஸ்பார்மர், பம்ப்செட் கனெக்‌ஷன் என்று யாராவது சந்தேகம் கேட்டால் இப்போதும் மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் லேப்டாப் விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்பார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. என் லேப்டாப்பில் நான் செய்வது இரண்டே காரியம். ஒன்று, இப்படி ஏதாவது எழுதுவது. இன்னொன்று, பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்ப்பது.

2024 ஆகஸ்ட் மாதம். கரூரில் இருக்கும் என் மகள் போன் செய்தாள். பேரனுக்குக் கவுன்சிலிங்கில் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் கிடைத்திருந்த நேரம். சந்தோஷமாக இருக்க வேண்டிய வீட்டில் இரண்டு நாளாகச் சத்தமாம்.

"அப்பா, நீங்க வந்து ஒரு தீர்ப்பு சொல்லுங்க. லேப்டாப் வேணும்கறான், சரி. கேம் விளையாடுற லேப்டாப்தான் வேணுமாம். அதுலயும் பெருசுதான் வேணுமாம். அவங்க அப்பாவும் அவனும் முகம் கொடுத்துப் பேசிக்கறதே இல்லை."

"எனக்கு என்னம்மா தெரியும் அதைப் பத்தி?"

"உங்களுக்குத் தெரியாட்டியும் பரவாயில்லை. நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க."

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். குளித்தலை வழியாகக் காவிரியை ஒட்டிப் போகும் அந்த ரோட்டில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் மனசு பின்னால் ஓடத் தொடங்கிவிடும். எனக்கு 1972-ம் வருடம் ஞாபகம் வந்தது.

அந்த வருடம்தான் நான் பி.யூ.சி. சேர்ந்தேன். லால்குடி பக்கத்தில் எங்கள் கிராமம். வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு ஐந்து மைல். சைக்கிள் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். என் மனதில் பி.எஸ்.ஏ. சைக்கிள். பார்க்க மெலிசாக, பளபளவென்று இருக்கும். சாயங்காலம் அப்பா தள்ளிக்கொண்டு வந்தது கறுப்பு ஹெர்குலிஸ், பின்னால் பெரிய கேரியரோடு. எனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த இரண்டு சைக்கிளும் அம்பத்தூரில் ஒரே கம்பெனி, டி.ஐ. சைக்கிள்ஸ், செய்தவை என்று. அந்தக் கேரியரில்தான் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் நெல் மூட்டையை மில்லுக்குக் கொண்டு போனார். அவர் எடுத்த முடிவு சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மூட்டைக் கணக்கை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்காது.

பஸ் கரூருக்குள் நுழையும்போது ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். நான் போய்த் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டிவிட்டு, முடிவைப் பையனிடமே விட்டுவிட வேண்டும்.

பேரன் என்னைத் தனியாக மாடிக்கு அழைத்துப் போனான். அவன் விரும்பியது லெனோவோ கம்பெனியின் லீஜியன். 2017-லிருந்து வருகிற கேமிங் வரிசை. அதே கம்பெனி 2023-ல் விலை குறைவாக இன்னொரு கேமிங் வரிசையைக் கொண்டு வந்தது. எல், ஓ, கியூ என்று மூன்று எழுத்து, படிக்கும்போது 'லாக்'.

"அப்பா லாக்கே அதிகம்கறார் தாத்தா. நாப்பதாயிரத்துக்கு ஒண்ணு போதுமாம்."

"லீஜியன்னா ரோமானியப் படைடா. உங்க ஊர் அமராவதி ஆத்துல ரோமானியக் காசு கிடைச்சிருக்கு. இப்ப அந்தக் காசு மறுபடி போயிடும் போலிருக்கே" என்றேன். அவன் சிரிக்கவில்லை. விஷயம் அவ்வளவு முற்றியிருந்தது.

நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப் முதலில் கழிந்தது. மெக்கானிக்கல் படிப்பில் முப்பரிமாண வரைபடம் போட வேண்டும். ஒரு கியர் பெட்டியைத் திரையில் வரைந்து சுழற்றிப் பார்க்கத் தனி கிராபிக்ஸ் சிப் இருந்தால் வேலை தடங்கலில்லாமல் நடக்கும். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது ஒப்புக்கொண்டார். "படிப்புக்குன்னா சரி மாமா. ஆனா படிப்புக்குன்னு சொல்லிக் கேமுக்கு வாங்கறான். அதுதான் எனக்கு ஆத்திரம்" என்றார். அவர் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். பொய்க் கணக்கு அவருக்கு ஆகாது.

சாயங்காலம் நானும் பேரனும் கடைக்குப் போனோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். லாக் 98,000 ரூபாய். லீஜியன் 1,34,000. வித்தியாசம் 36,000. இரண்டிலும் என்விடியாவின் அதே ஆர்.டி.எக்ஸ். 4060 சிப், 8 ஜி.பி. கிராபிக்ஸ் மெமரி. இரண்டிலும் 16 ஜி.பி. ரேம். எடை இரண்டும் இரண்டரைக் கிலோவை நெருங்கும். கடைப் பையன் லீஜியனைத்தான் புகழ்ந்தான். எது அதிகம் என்று கேட்டால் "பெர்ஃபார்மன்ஸ் சார், பெர்ஃபார்மன்ஸ்" என்ற ஒரே பதில்.

நான் விவரச் சீட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி பேரனோடு உட்கார்ந்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அவனுக்கு கம்ப்யூட்டர் தெரியும், எனக்கு வாட் தெரியும். இரண்டு பேர் அறிவும் சேர்ந்தபோது விஷயம் தெளிவாயிற்று.

முதலில் வாட். கிராபிக்ஸ் சிப்பின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. 4060 லேப்டாப் சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் வைத்துக்கொள்ள என்விடியா இடம் கொடுக்கிறது. லேப்டாப் செய்கிற கம்பெனி தன் பெட்டியின் கனத்துக்கும் விசிறிக்கும் ஏற்ப அதை முடிவு செய்கிறது. இது எனக்கு உடனே புரிந்தது. கடைமடைக் கிராமங்களில் எத்தனை பம்ப்செட் பார்த்திருக்கிறேன்! பெயர்ப்பலகையில் எல்லாமே 5 எச்.பி. தான். ஆனால் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருக்கும் மோட்டார் தண்ணீரைக் கொட்டும், லைன் கடைசியில் வோல்டேஜ் இறங்கிய இடத்தில் அதே மோட்டார் உறுமிக்கொண்டு நூல் போல ஊற்றும். பலகையைப் படித்து மோட்டாரை எடை போடக் கூடாது.

எங்களுக்குக் காட்டிய இரண்டிலும் வாட் நன்றாகவே இருந்தது. லாக்கில் 115, லீஜியனில் அதைவிடச் சற்றுக் கூட. பேரன் பார்த்து வைத்திருந்த சோதனைகளின்படி இந்தச் சிப்புக்கு 100 வாட்டைத் தாண்டினால் கிடைக்கிற கூடுதல் வேகம் சொற்பம். அதாவது, வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் அந்த 36,000 எதற்கு? அடுத்தது திரை. லாக்கில் 1920-க்கு 1080 புள்ளி. லீஜியனில் 2560-க்கு 1600. பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். முதலாவது ஏறத்தாழ இருபது லட்சத்து எழுபதாயிரம் புள்ளி. இரண்டாவது நாற்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

"ரெண்டு மடங்குடா. அதே மோட்டாரை வெச்சு ரெண்டு மடங்கு வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும். அப்ப எது லேட்டாகும்?"

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "லீஜியன்" என்றான். முழுத் திரைக் கூர்மையில் விளையாடினால், விலை கூடிய லீஜியனில்தான் சிப் திணறும். விளையாடும்போது கூர்மையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் குறைப்பதற்கா கூடப் பணம்?

அந்தத் திரையின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்து அச்சடித்த மாதிரித் தெரியும். உயரம் கூடுதல் என்பதால் பக்கத்தில் நாலு வரி கூடப் படிக்கலாம், வரைபடத்தில் நுணுக்கமான கோடு தெரியும். வெளிச்ச அளவு லாக்கில் 300 நிட்ஸ், லீஜியனில் 500. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அது பெரிய வித்தியாசம்.

மூன்றாவது பேட்டரி. லாக்கில் 60 வாட் அவர், லீஜியனில் 80. எழுதுவது, படிப்பது போன்ற லேசான வேலைக்கு 15 வாட் என்று வைத்துக்கொண்டால் முதலாவது நாலு மணி நேரம், இரண்டாவது ஐந்து மணிக்கு மேல். ஆனால் கேம் விளையாடும்போது பேட்டரி கணக்கிலேயே வராது. பிளக்கில் சொருகினால்தான் சிப் முழு வேகம் எடுக்கும். பேட்டரியில் விளையாடினால் வேகமும் பாதியாகும், சீக்கிரமே தீர்ந்தும் போகும்.

ஆகக் கணக்கு எங்களை விநோதமான இடத்தில் கொண்டு வந்து விட்டது. கேம் விளையாடுவதற்கு விலை குறைந்ததே போதும். கூடக் கொடுக்கிற 36,000 படிப்பதற்கும் வரைவதற்கும் வகுப்பில் வைத்துக்கொள்வதற்கும்தான். கடைப் பையன் சொன்னதற்கும் வீட்டில் நடந்த சண்டைக்கும் இது நேர் எதிர்.

நான் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தேன். "ஒரு நாளைக்கு எதுக்கு எவ்வளவு நேரம் உபயோகிப்பேன்னு எழுது. உண்மையை எழுது. உங்க அப்பாவுக்காக எழுதாதே, எனக்காகவும் எழுதாதே."

வரைபடம், பாடம் 2 மணி. சினிமா, பாட்டு 1 மணி. கேம் 1 மணி என்று எழுதினான். பேனாவை வைத்தான். மறுபடி எடுத்து, அந்த ஒன்றை அடித்து மூன்று ஆக்கினான்.

"தாத்தா, அப்ப நான் படிக்கிறதுக்குன்னு சொன்னது நிஜமா இருந்தா லீஜியன் வாங்கணும். விளையாடத்தான்னா லாக். அப்படித்தானே?"

"அப்படித்தான் வருது."

எனக்கு நெஞ்சு படபடத்தது. ஏனென்றால் அவன் கையில் இப்போது நல்ல ஆயுதம் இருந்தது. அப்பாவிடம் போய், 'பாருங்கள், தாத்தாவே சொல்கிறார், படிப்புக்கு லீஜியன்தான் நல்லது' என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. நான் ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டான்.

அடுப்படியில் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எதுன்னு முடிவாச்சாப்பா? கூட்டுறவு பேங்க்ல நகைக்கடன் கேட்டு வெச்சிருக்கேன். ரெண்டு வளையல் வெச்சா போதும். அவங்ககிட்ட இன்னும் சொல்லலை" என்றாள்.

மாப்பிள்ளையிடம் நான் பணம் தருகிறேன் என்று சாயங்காலமே சொல்லிப் பார்த்திருந்தேன். "வேண்டாம் மாமா. அவன் காலேஜ் செலவு நான் பார்த்துக்கறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்கு மேல் வற்புறுத்துவது மரியாதை இல்லை. வளையலைப் பற்றிப் பேரனிடம் சொல்லலாமா என்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். சொன்னால் அவன் லாக் போதும் என்பான். ஆனால் அது அவன் தேர்ந்தெடுத்தது ஆகாது, நான் அவன் கையை முறுக்கியது ஆகும். சொல்லவில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று இன்று வரை நான் கேட்கவும் இல்லை.

காலையில் காப்பி குடிக்கும்போது அவனே வந்து அந்தத் தாளை அப்பா முன்னால் வைத்தான். "லாக் போதும்ப்பா. நான் மூணு மணி நேரம் கேம் விளையாடுவேன். அதுக்கு இதுவே ஜாஸ்தி."

மாப்பிள்ளை தாளைப் படித்தார். திட்டப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஹாஸ்டல்ல நான் சீட்டு ஆடாத நாளே இல்லை. பரீட்சை சமயத்துல மட்டும் கொறைச்சுக்கோ" என்றார். மகள் உள்ளே போய்விட்டாள். வங்கியிலிருந்து அவள் நகைக்கடன் வாங்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வாங்கப் போனபோது ஒரு பாடம் கற்றோம். லாக் என்ற ஒரே பெயரில் பல மாடல் இருக்கிறது. சிலவற்றில் நல்ல நிறத் திரை, சிலவற்றில் வெளிறிய திரை. பெட்டியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விவரத்தில் திரை எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம் என்று இருந்தால் நல்லது. 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று இருந்தால் நிறம் வெளிறித் தெரியும். நாங்கள் கேட்ட மாடலுக்குப் பதிலாக முதலில் எடுத்து வந்தது இரண்டாவது ரகம். பேரன் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

என் பங்குக்கு ஒன்றே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நல்ல மூன்று பின் ஸ்பைக் கார்டு. "இதுக்கு வேண்டாம்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை, இது என் டிபார்ட்மென்ட்" என்றேன். சிரித்துவிட்டார். ஹாஸ்டல் அறையில் எர்த் சரியாக இல்லாவிட்டால் சில லேப்டாப்களின் உலோகப் பாகத்தைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும். எர்த் உள்ள பிளக்கில் மட்டும் சொருகச் சொன்னேன். மெத்தைமேல் வைத்து விளையாடாதே, அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைபடும் என்றேன். டிரான்ஸ்பார்மரானாலும் லேப்டாப்பானாலும் சூடுதான் எமன். எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் நாட்களில் பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி அதிலேயே ஒரு வசதி இருக்கிறது. அதை அவனே போட்டுக்கொண்டான்.

இந்தப் பொங்கலுக்குத் திருச்சி வந்திருந்தான். கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தவன், வெயில் ஏற ஏற லேப்டாப்பை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். கடைசியில் எழுந்து உள் அறைக்குப் போய்விட்டான். 300 நிட்ஸ் தன் வேலையைக் காட்டுகிறது என்று எனக்குப் புரிந்தது.

என் அப்பா கேட்காததை நான் கேட்டேன். "லீஜியனே வாங்கியிருக்கலாமோடா?"

"சில சமயம் தோணும் தாத்தா. வெளிச்சத்துல கண்ணு வலிக்குது. வகுப்புக்கு எடுத்துட்டுப் போறதும் கம்மிதான், சார்ஜர் செங்கல் மாதிரி கனக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா நானே எடுத்த முடிவு. அதனால கோபம் வரலை" என்றான்.

ஹெர்குலிஸ் சைக்கிளை நான் பதினோரு வருடம் ஓட்டினேன். ஒரு நாளும் அது என்னை நடுவழியில் விட்டதில்லை. ஆனாலும் பி.எஸ்.ஏ. சைக்கிள் யாராவது ஓட்டிப் போனால் என் கண் அதன் பின்னாலேயே போகும்.

உங்கள் வீட்டிலும் பேரன் பேத்திகள் இப்படி இரண்டு பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கலாம். பெயரை விட்டுவிடுங்கள். சிப்புக்கு எத்தனை வாட், திரைக்கு எத்தனை புள்ளி, எவ்வளவு வெளிச்சம், பேட்டரி எத்தனை வாட் அவர் என்று நாலு கேள்வி கேளுங்கள். ஐந்தாவதாக ஒரு தாளைக் கொடுத்து, உண்மையை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்துத் திட்டாமல் இருக்க உங்களால் முடியுமானால், மற்ற கணக்கெல்லாம் சுலபம்.

பொங்கல் லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, "தாத்தா, லாரி ஓட்டறீங்களா?" என்று லேப்டாப்பை என் முன்னால் வைத்தான். ஐரோப்பாவில் சரக்கு லாரி ஓட்டுகிற கேம் அது. ஒரு மணி நேரம் ஓட்டினேன். இரண்டு முறை தடுப்புச் சுவரில் மோதினேன், ஒரு தடவை சிக்னலைத் தாண்டி அபராதம் கட்டினேன். படம் தெளிவாகத்தான் இருந்தது. ராத்திரி நேரம், ஜன்னல் வெளிச்சம் இல்லை.